மக்கருக்குக் கட்டம் கிடையாது

மக்கர் வேறு, ரிப்பேர் வேறு. இதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மோட்டார் மக்கர் பண்ணுகிறது என்றால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடும், முனகிக்கொண்டே ஓடும், மழை நாளில் கொஞ்சம் அடம் பிடிக்கும். ரிப்பேர் என்றால் மெக்கானிக் வந்தாக வேண்டும். பைக், மிக்ஸி, ஐம்பத்து மூன்று வயதில் என் இடது முழங்கால் என்று எல்லாமே ரிப்பேராவதற்கு முன்னால் பல வருடம் மக்கர்தான் பண்ணுகின்றன. இவ்வளவு பழகின ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தவன் நான்.

நான் லிப்ட் மெக்கானிக். குடியிருப்பது அரியலூரில். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்துக்கும் எங்கள் கம்பெனிக்கு நான் ஒருவன்தான். கேட்கப் பெரிய பதவி மாதிரி இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு மாவட்டத்திலும் நான் பார்க்க வேண்டிய லிப்ட்டுகள் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். உடையார்பாளையத்தில் பெண் பார்க்கப் போனபோது என் மாமனார், "மாப்ள என்ன வேலைங்க?" என்றார். "லிப்ட்டுங்க" என்றேன். "அட, அது எல்லாருந்தான் கேக்குறாங்க. வேலை என்னங்க?" என்றார். ரோட்டோரம் நின்று பைக்கில் போகிறவனிடம் கட்டை விரலை நீட்டுவதை நினைத்துக்கொண்டார். அப்படியும் பெண்ணைக் கொடுத்தார். அதற்காக அவர் பிற்பாடு வருத்தப்பட்டார் என்பது வேறு விஷயம்.

பெரம்பலூரில் நாலு மாடித் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று என் கணக்கில் இருந்தது. ஸ்ட்ரெச்சர் போகிற அளவுக்கு நீளமான பழைய லிப்ட். இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு. லிப்ட்டுக்குள் ஒன்று, ஒவ்வொரு மாடியிலும் ஒன்று. எல்லாக் கதவும் முழுதாகச் சாத்தியிருந்தால்தான் அது நகரும். எங்காவது ஒன்று ஒரு விரற்கடை திறந்திருந்தாலும் அசையாது. அதனால் உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டு ஓர் ஆளை உட்கார வைத்திருந்தார்கள்.

அந்த ஆளை ஆஸ்பத்திரி முழுவதும் லிப்ட்டம்மா என்றுதான் கூப்பிடும். பெரிய டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். பிறந்தது தா.பழூர் பக்கம், வாழ்க்கைப்பட்டது பெரம்பலூரில். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப் போயிருந்தது. நடக்கும்போது கையால் தொடையை ஓர் அழுத்து அழுத்தித்தான் அடுத்த அடி வைக்க முடியும்.

"எங்கூர்ல எல்லாம் நெல்லு வயலுண்ணே. சேத்துல எறங்குனா இந்தக் காலு திரும்பி வராது. நடவுக்கும் ஆவல, களையெடுக்கவும் ஆவல. உக்காந்துகிட்டே மேலயும் கீழயும் போற வேலைன்னு ஒண்ணு இருக்கும்னு அப்ப யாரு கண்டா?" என்பார்.

அந்த ஸ்டூல் அவருக்கு எவ்வளவு பெரியது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

முதல் ஒரு வருடம் எனக்கும் அவருக்கும் போன் உறவுதான். "அண்ணே, ரெண்டாவது மாடில நிக்குதுண்ணே." உடனே நான் பையை மாட்டிக்கொண்டு அரியலூரில் பஸ் ஏறுவேன். ஒரு மணி நேரம் நின்றுகொண்டே பயணம். போய்ச் சேர்ந்தால் லிப்ட் அழகாக ஓடிக்கொண்டிருக்கும்.

"என்னம்மா, ஓடுதே?"

"நீங்க பஸ் ஏறிட்டீங்கன்னு தெரிஞ்சதும் ஓட ஆரம்பிச்சிருச்சுண்ணே. விருந்தாளி வந்தா புள்ளைங்க புத்தகத்த எடுத்து வச்சிக்குமே, அந்த மாரி."

"நீ என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. சாவிய அணைச்சேன். இருவது எண்ணுனேன். மறுபடி போட்டேன். கதவுக்கு அடிப்பக்கம் நல்ல காலால ஒரு இடி. மேல டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. அது கேட்டாப் போவும்."

நான் படித்து, பயிற்சி எடுத்து, கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு மேலே மோட்டார் அறைக்கு ஏறி அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடிப்பதும் அதே டக்கைத்தான். அந்தச் சத்தம் வந்தால் உள்ளே சுவிட்ச் சரியாக ஒட்டிவிட்டது என்று அர்த்தம். அவருக்கு அது காதிலேயே இருந்தது.

மூன்றாவது தடவை இப்படி வெட்டியாக வந்து நின்றபோது நான் சொன்னேன்: "இங்க பாரும்மா. இந்த மாரி நீயே செஞ்சு ஓடிருச்சுன்னா எனக்குப் போன் பண்ண வேணாம். அது மக்கர். நீ என்ன பண்ணியும் ஓடலன்னா அப்பப் பண்ணு. அதான் ரிப்பேர்."

"அப்ப மக்கருக்கு யாருண்ணே மெக்கானிக்கு? நானா?"

"நீயேதான்."

"சட்டை தருவீங்களா? முதுகுல பேரு போட்டது?"

"கேட்டுச் சொல்றேன்" என்றேன். கேட்கவில்லை.

அப்போது இது எனக்கு நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. பஸ் மிச்சம், முழங்கால் மிச்சம். இன்னொரு மிச்சமும் இருந்தது, அதைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு கணக்கு உண்டு. ரிப்பேர் பார்த்துத் திரும்ப ஓட வைக்கக் கூடிய எந்தச் சாமானுக்கும் போடுகிற கணக்குதான் அது. மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, அதற்குள் எத்தனை தடவை பழுதானது என்று பார்த்து முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். நூறு மணி நேரம் ஓடி நாலு தடவை பழுதாகியிருந்தால் விடை இருபத்தைந்து. இரண்டு பழுதுக்கு நடுவில் சராசரியாக இருபத்தைந்து மணி நேரம் தாங்குகிற சாமான் அது. இருபத்தைந்து மணி நேரம் கட்டாயம் ஓடும் என்று அதற்கு அர்த்தமில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று படுத்துவிட்டு அப்புறம் ஒரு வாரம் சும்மா இருக்கலாம். விடை பெரிதாக இருந்தால் லிப்ட்டும் நல்லது, மெக்கானிக்கும் நல்லவன். வருடக் கடைசியில் யாருடைய சராசரி பெரிதோ அவனுக்குத் திருச்சியில் கூட்டம் போட்டுக் கைதட்டுவார்கள்.

வீட்டில் ஒரு நாள் இந்தக் கணக்கை விளக்கினேன். நமக்குள் வருகிற சண்டைக்கும் இப்படிச் சராசரி போடலாம், அப்படி ஒன்றும் மோசமாக இருக்காது என்றேன். என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நீங்க வூட்ல இருந்த நேரத்த மட்டும் கணக்குல எடுத்துக்குங்க. பெரம்பலூர்ல இருந்த நேரத்தயெல்லாம் சேத்துப் போடாதீங்க."

ஓடாமல் சும்மா நின்ற நேரத்தை ஓடின நேரமாகக் காட்டக் கூடாது என்பது இந்தக் கணக்கின் முதல் விதி. பயிற்சியில் எனக்கு அது இரண்டு நாள் புரியவில்லை. அவளுக்கு ஒரு டம்ளர் கழுவுவதற்குள் புரிந்துவிட்டது.

இரண்டாவது விதியும் ஒன்று இருக்கிறது. எதைப் பழுது என்று எண்ணுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கம்பெனி கொடுத்த படிவத்தில் தேதி, நேரம், என்ன பழுது, என்ன மாற்றினாய் என்று கட்டங்கள் இருந்தன. மக்கருக்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததை எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். லிப்ட்டம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை, நாலு தடவை சாவியை அணைத்துப் போட்டுக் கதவை இடித்துக்கொண்டிருப்பார். என் படிவத்தில் அந்த லிப்ட் மாதத்துக்கு ஒரு தடவைதான் தும்மும்.

ஒரு மாதம் ஒரு ரிப்பேர்கூட இல்லை. கம்பெனியின் போன் செயலியில் பூஜ்யம் என்று போட்டேன். அது ஏற்றுக்கொள்ளவில்லை. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று எட்டாம் வகுப்பில் வாத்தியார் என் காதைத் திருகிச் சொன்னது ஞாபகம் வந்தது. கடைசி தேதி நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் நடக்காத ரிப்பேர் ஒன்றை எழுதினேன், "விளக்கு எரியவில்லை" என்று. செயலி ஏற்றுக்கொண்டது. நடந்த நூறை விட்டுவிட்டு நடக்காத ஒன்றை எழுதி அனுப்பிய அந்த வருடம்தான் என் சராசரி இரண்டு மாவட்டத்திலும் இல்லாத உச்சத்துக்குப் போனது.

திருச்சியில் கைதட்டினார்கள். ஒரு பிளாஸ்க் கொடுத்தார்கள். அதில் ஊற்றின டீ ஆறுகிற வேகத்தைப் பார்த்தால் அதற்கும் யாரோ என்னை மாதிரி ஒருத்தன்தான் கணக்கு எழுதியிருக்க வேண்டும். மேடையில் என்னைப் பேசச் சொன்னபோது, லிப்ட்டைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். உண்மையில் என் பிள்ளை மாதிரிதான் பார்த்துக்கொண்டேன். வளர்த்ததெல்லாம் வேறு ஒருத்தர்.

அடுத்த வருடம் ஆஸ்பத்திரிக்குப் புது மேனேஜர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். எதையும் சிரிக்காமல் கேட்கிற முகம். வந்த வேகத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிற எல்லா மெஷினுக்கும் கணக்கு கேட்டுக் கூட்டம் போட்டார். எக்ஸ்ரே, ஜெனரேட்டர், ஏ.சி., தண்ணீர் மோட்டார் என்று ஒவ்வொருத்தராக எழுந்து நின்று திட்டு வாங்கினார்கள். என் முறை வந்தது. சராசரியை வாசித்தேன்.

"இவ்ளோ பழைய லிப்ட்டுக்கா?" என்று நிமிர்ந்தார். அன்றைக்குக் கூட்டத்தில் அவர் நிமிர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. கூட்டம் என்று கண்டால் யாரையாவது சிரிக்க வைத்தே ஆக வேண்டும் என்கிற வியாதி சின்ன வயதிலிருந்து உண்டு. சொன்னேன்: "ஆமாங்க சார். தங்கமான லிப்ட்டு. பாக்கப்போனா அதுக்கு ஆளே தேவையில்லீங்க. உள்ள உக்காந்துருக்கிற ஆளுதான் லிப்ட்டுக்குப் பாரம்."

எக்ஸ்ரேக்காரர் சிரித்தார். ஜெனரேட்டர்காரர் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டார். என் ஆயுசில் நான் சொன்ன ஜோக் ஒன்றை ஒருத்தர் எழுதி வைத்துக்கொண்டது அது ஒரு தடவைதான்.

இரண்டு வாரம் கழித்து மாதாந்திர சர்வீசுக்குப் போனேன். ஸ்டூலைக் காணவில்லை. லிப்ட் சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது: "தயவுசெய்து கதவை நீங்களே சாத்தவும்." கீழே வரவேற்பில் விசாரித்தேன். இந்த மாதத்தோடு லிப்ட்டுக்கு ஆள் கிடையாது, அந்த அம்மாவைத் துப்புரவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். துப்புரவு என்றால் வாளியும் துடைப்பக் கட்டையுமாக நாலு மாடி. ஊழியர்கள் யாரும் லிப்ட்டில் ஏறக் கூடாது, அது நோயாளிகளுக்கு மட்டும் என்பது அங்கே முன்பிருந்தே சட்டம்.

இரண்டாவது மாடிப் படியில் அவரைப் பார்த்தேன். ஒரு கையால் தொடையை அழுத்திக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் வாளி. கைப்பிடிச் சுவரைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. அதனால் வாளியை இரண்டு படி மேலே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து ஏறி, மறுபடி வாளியை இரண்டு படி மேலே வைத்தார்.

"வாங்கண்ணே. சர்வீசா?"

"என்னம்மா இது?"

"லிப்ட்டு நல்லா ஓடுதாம்ணே. ஆளு வேணாமாம். நீங்கதான் மீட்டிங்ல சொன்னீங்களாம்."

"நான் சும்மா தமாசுக்குச் சொன்னேம்மா."

"அதச் சொல்லுங்கண்ணே அவுருகிட்ட. நீங்க சொன்னா கேப்பாரு. ஒரு நாளைக்கு எத்தன தடவ நிக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல? நான் சொன்னா, வேலைக்காகச் சொல்றேம்பாரு. மெக்கானிக்கு சொன்னா வேற." வாளியை மேல் படிக்கு ஏற்றினார். "எனக்கு ஒண்ணும் வேணாம்ணே. அந்த ஸ்டூல் போதும்."

சர்வீஸை அப்படியே போட்டுவிட்டு மேனேஜர் அறைக்குப் போனேன். போகிற வழியில் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டேதான் போனேன்.

"சார், லிப்ட்டுக்கு ஒரு ஆளு இருந்தா நல்லதுங்க" என்று ஆரம்பித்தேன்.

"ஏன்? நீங்கதானே தேவையில்லன்னு சொன்னீங்க?"

"அது இல்லீங்க சார். அப்பப்ப சின்னச் சின்னதா மக்கர் பண்ணும். அந்தம்மா இருந்தா உடனே சரி பண்ணிருவாங்க."

அவர் கணினியைத் திருப்பி என் படிவங்களைத் திறந்தார். பன்னிரண்டு மாதம். மாதத்துக்கு ஒன்று. ஒரு மாதம் விளக்கு எரியவில்லை.

"இதுல அப்படி ஒண்ணும் இல்லையே. இதுல இல்லாத ரிப்பேர் ஏதாச்சும் நடந்துருக்கா? நடந்துருந்தா சொல்லுங்க. ஒங்க கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுருவோம், ரெக்கார்டு ஏன் தப்பா இருக்குன்னு."

மிரட்டுகிற குரல் இல்லை. மெயில் போடுவது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஆனால் எனக்கு அந்த மெயில் திருச்சி போய்ச் சேர்ந்து, பிளாஸ்க் திரும்பிப் போய், பின்னாலேயே வேலை நீக்க உத்தரவும் வருவது வரை கண்ணுக்குள் ஓடிவிட்டது. பணி முடிய எனக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது.

"ரிப்பேர் இல்லீங்க சார்" என்றேன். "மக்கருங்க."

"மக்கர்னா என்ன? ரிப்பேரா, இல்லையா?"

"ரிப்பேர் இல்லீங்க."

"ரிப்பேர் இல்லன்னா அப்புறம் என்ன சார்?" என்று கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அத்தனை நேரம் தயார் செய்த வாக்கியங்களில் ஒன்று மிச்சம் இருந்தது. "ஒரு நாளைக்கு நாலு தடவை நிற்கிறது, நான் எழுதவில்லை." அவ்வளவுதான். திருச்சியில் எனக்குக் கைதட்டு வாங்கிக் கொடுத்த அந்தச் சராசரி லிப்ட்டுடையது இல்லை, அந்த அம்மாவுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க சார், வரேன்" என்று எழுந்து வந்தேன். மறக்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

படியில் அவர் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். நானாகத்தான், "யோசிக்கிறேன்னு சொல்லிருக்காரு" என்றேன்.

"சரிண்ணே" என்றார். நம்பினாரா என்று தெரியாது. நம்பியிருக்க மாட்டார். ஓட்டத்தில் இருக்கும்போதே சத்தத்தை வைத்து எது எப்போது நிற்கும் என்று சொல்கிறவர், என் குரலைக் கேட்டுக் கண்டுபிடிக்க மாட்டாரா?

அதற்கப்புறம் என் போன் ஓயவில்லை. ஒரு தடவை நின்றால் நான் வரும்வரை நின்றபடியே கிடந்தும் முதல் வாரமே ஐந்து அழைப்பு. அதில் மூன்று, யாரோ ஏதோ ஒரு மாடியில் கதவைச் சாத்தாமல் போனது. கம்பிக் கதவு ஒன்றைச் சாத்துவதற்காக நான் அரியலூரிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்தேன். இந்த அழைப்பையெல்லாம் எழுதாமல் விடவும் முடியாது, ஏனென்றால் இப்போது ஆஸ்பத்திரியே நேராகக் கம்பெனிக்குப் போன் பண்ணிப் பதிவு செய்தது. முன்னால் என் படிவத்தில் ஏறாமலே போன அதே மக்கர்கள் வரிசையாக ரிப்பேர் ஆயின. லிப்ட் கொஞ்சம்கூட மாறவில்லை. என் சராசரி மட்டும் படியிலிருந்து உருண்ட வாளி மாதிரி வந்து தரையில் நின்றது.

ஒரு நாள் நான் போய்ச் சேர்ந்தபோது, வயிற்றில் ஆபரேஷன் செய்த ஒரு பெரியவரை நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். திருமானூர் பக்கத்துக் கரும்புக்காரர் என்று பிற்பாடு சொன்னார்கள். ஒவ்வொரு படிக்கும் அவர் பல்லைக் கடித்தது கேட்டது. லிப்ட்டம்மா வாளியை மாரோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டி நின்று வழி விட்டார். அவர்கள் தாண்டும்போது சொன்னார்: "மூணாவது மாடி கதவு தொறந்து கெடக்குங்க. அதச் சாத்தி, சாவிய ஒருதரம் அணைச்சுப் போட்டாப் போவும். நான் வேணா போயி..."

பின்னால் வந்த சூப்பர்வைசர் பெண், "ஒன்ன யாரு கேட்டா? ஒன் வேலையப் பாரு. லிப்ட்டத் தொட்டுட்டு நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார்.

லிப்ட்டம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன்? மூன்றாவது மாடிக்கு ஏறிப் போய்க் கதவைச் சாத்தினேன். சாவியை அணைத்தேன். இருபது எண்ணினேன். போட்டேன். மேலே டக் என்றது. படிவத்தில், "கதவுத் தொடர்பு சரிசெய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் அவரால் படி ஏற முடியவில்லை. நல்ல காலும் வீங்கிவிட்டது. அவராகவே நின்றுகொண்டார். விலக்கவில்லை, அவராகவே நின்றுவிட்டார் என்று வரவேற்பில் அழுத்திச் சொன்னார்கள். நின்றதற்கும் நிறுத்தினதற்கும் உள்ள வித்தியாசத்தை என்னிடமே சொல்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

லிப்ட் விஷயம் ஒரு வழியாக முடிந்தது. இத்தனை ரிப்பேர் ஆகிற லிப்ட்டை வைத்துக்கொள்ள முடியாது என்று மேனேஜர் என் புதுக் கணக்கைக் காட்டியே புது லிப்ட்டுக்கு அனுமதி வாங்கினார். தானாகத் திறந்து தானாக மூடுகிற எவர்சில்வர் கதவு. அது உண்மையாகவே நிற்பதில்லை. அதன் சராசரி நான் பொய் எழுதிய காலத்துச் சராசரியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த அளவுக்கு அந்த அம்மா பழசை ஓட்டியிருக்கிறார்.

எனக்குத் தூக்கம் கெட்டதெல்லாம் இல்லை, நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அந்த வாளி வந்து எதிரில் உட்காரும். ஏதாவது செய்ய வேண்டும் என்று அரியலூரில் நான் பார்க்கிற கல்யாண மண்டபம் ஒன்றுக்குப் போனேன். அங்கே சாப்பாட்டுக் கூடம் மாடியில். வயதானவர்கள் ஏற ஒரு லிப்ட் உண்டு. மண்டப முதலாளியிடம், லிப்ட்டுக்குள் உட்கார ஓர் ஆளைப் போடச் சொன்னேன். நல்ல ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்றேன். இந்த முறை எதையும் மறைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

"லிப்ட்டு நல்லாத்தானய்யா ஓடுது?" என்றார்.

"இல்லீங்க. மக்கர் பண்ணுது. முகூர்த்த நாள்ல நாலஞ்சு தடவ நிக்கும். ஒங்க மண்டபத்து மேனேஜருகிட்ட சாவிய அணைச்சுப் போடச் சொல்லிக் குடுத்துருக்கேன். ஒங்களுக்குத் தெரியாது."

"இத்தன வருசமா நீங்கதான பாக்குறீங்க?"

"ஆமாங்க."

"ஒங்க பேப்பர்ல எல்லாம் நல்லாருக்குன்னுதான போட்டுத் தர்றீங்க?"

"ஆமாங்க. அது தப்புங்க."

"அப்ப ஆள மாத்தணுங்குறீங்க."

"ஆள் போடணுங்க."

"போடறது இல்லய்யா. மாத்துறது" என்றார். அடுத்த வாரம் மண்டபத்து லிப்ட் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. எங்கள் கம்பெனி என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. ஒரு வருடத்துக்கு முன்னால் பெரம்பலூரில் சொல்லியிருக்க வேண்டிய உண்மையை அரியலூரில் கொண்டு போய்ச் சொன்னேன். உண்மையைக்கூட எனக்குச் சரியான மாடியில் நிறுத்தத் தெரியவில்லை.

அதைச் சொல்லத்தான் லிப்ட்டம்மாவைத் தேடிப் போனேன். பெரம்பலூரில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிற கொட்டகை ஒன்றில் இருக்கிறார் என்றார்கள். முப்பது பெண்கள் வரிசையாகச் சாக்கு விரித்து உட்கார்ந்து தாளும் வேரும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஓரமாக, சுவரில் சாய்ந்து, வலது காலை நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையில் உட்காருவது அவருக்குச் சுலபம் இல்லை. எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டதாகப் பக்கத்தில் இருந்த பெண்தான் சொன்னார்.

நான் மண்டபத்துக் கதையைச் சொன்னேன். முதலாளி மாதிரி பேசிக் காட்டினேன், நான் திருதிருவென்று முழித்ததை முழித்துக் காட்டினேன். என்னால் எதையும் சும்மா சொல்ல முடியாது. வரிசையில் இருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

கடைசியில், "நான் லிப்ட்டு பாக்குற ஜவுளிக்கடை ஒண்ணு இருக்கும்மா, ஜெயங்கொண்டத்துல. அங்கயும் கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.

அவர் அறுத்துக்கொண்டே சொன்னார்: "வேணாம்ணே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். நீங்க எங்கயும் எனக்காகப் பேசாதீங்க. இங்கயும் மொதலாளி வர்ற நேரந்தான். அவரு கண்ணுல படாமப் போயிருங்க."

பெண்கள் சிரித்தார்கள். "யக்கா, அண்ணன் வெங்காயத்தப் பத்தி ஏதாச்சும் சொல்லிரப் போறாரு, அறுக்க ஆளே வேணாம்னு" என்றாள் ஒருத்தி. கொட்டகை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன், பழக்கம்.

லிப்ட்டம்மா சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தார். "நெசமாத்தாண்ணே சொல்றேன். கெளம்புங்க" என்றார்.

கிளம்பினேன்.